யாரோ ஒருத்தி கொடுத்த பால்

பட்டறையில் அவளைத் தும்மல் என்றுதான் கூப்பிடுவார்கள். கார், வேன், பஸ் என்று எந்த வண்டி வந்தாலும் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கிற பட்டறை அது. பழைய சீட்டைப் பிரித்தால் உள்ளேயிருந்து வருவது வெறும் பஞ்சு இல்லை. பல வருஷத்துத் தூசி, யாரோ தின்றுவிட்டுப் போன பிஸ்கட்டின் தூள், யார் யாருடைய தலைமுடியோ, எப்போதோ தொலைந்த பேனா மூடி எல்லாம் சேர்ந்து வரும். வேலைக்குச் சேர்ந்து முதல் சீட்டைப் பிரித்த அன்றே தும்ம ஆரம்பித்தவள். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். "ஆள் வந்தாச்சு, மெஷினுக்கு எண்ணெய் போடுங்க" என்பான் பஞ்சு வெட்டுகிறவன். அவனைக் கத்திரி என்பார்கள்.

கை சுத்தமான கை. கோடு போடாமலே இரட்டைத் தையல் ஓட்டுவாள். அளவு வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. மூக்குதான் அவளுக்கு வாய்த்த வில்லங்கம். ஒரு டாக்டர் பார்த்து, மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். காலையில் பல் தேய்த்த கையோடு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டால், மூடிக் கிடந்த வீட்டில் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் பழகிவிட்டது. குளியலறைத் தட்டில் சோப்பு, சீப்பு, அதற்குப் பக்கத்தில் அது. சோப்பை யாராவது மருந்து என்று நினைப்பார்களா? அவளும் அதை அப்படி நினைத்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பால் பெருகியது. குழந்தை ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் தானாக வழிந்து ஜாக்கெட் நனையும். மாடி வீட்டில் இருந்த நாத்தனார் கேலி பண்ணுவாள்.

"ரெட்டைப் பிள்ளை பெத்தவ மாதிரி ஓடுதேடி! ஒண்ணை ஆஸ்பத்திரியிலேயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா?"

அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

பிரசவம் பார்த்த பெரிய ஆஸ்பத்திரியிலேயே இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறையில் தாய்ப்பால் வங்கி இருந்தது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு, தாய்க்குப் பால் ஊறாவிட்டால், மற்ற அம்மாக்கள் கொடுத்த பாலை இளஞ்சூட்டில் வைத்துக் கிருமி நீக்கிப் புகட்டுவார்கள். அந்த அறைப் பொறுப்பில் இருந்த நர்ஸை ஆஸ்பத்திரி முழுக்கப் பால் அக்கா என்றே சொல்லும். தும்மல் போய் நின்றதும் ரத்தம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லக்கா. ஒண்ணும் சாப்பிடல."

அவள் பொய் சொல்லவில்லை. சாப்பிடுவது என்றால் மாத்திரை, டானிக், வாய் வழியாக உள்ளே போவது. மூக்கில் அடிப்பதை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? அந்தக் கேள்வி அவளைத் தொடாமல் பக்கத்தில் போய்விட்டது.

வாரம் தவறாமல் போனாள். வீட்டில் எடுத்து வைத்த பாலை ஐஸ் கட்டியோடு பையில் வைத்து, பட்டறைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பால் அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி அந்தக் குழந்தைகளைக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி உடம்பு. குழாய் வழியாகப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பட்டறையில் தும்மல் ஒரு பஸ்ஸுக்கான உறை மொத்தத்தையும் ஒரே மூச்சில் தைத்து முடித்தாள். உள்ளே ஏதோ நிமிர்ந்து நின்றது.

பிறகு ஒரு காலையில், அதே பையோடு இரண்டாம் மாடியில் திரும்பியவள் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள். எதிரே ஒரு ஆள் வெள்ளைத் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். பார்சல் மாதிரி கனமே இல்லாத ஒன்று. அவனுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெண். முகம் வெளுத்து, உதடு வெடித்து, கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி. அந்தப் பெண் அழவில்லை. கடக்கும்போது தலையைத் திருப்பி, தும்மலின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பையைப் பார்த்த கண்ணை அவள் முகத்துக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் நாற்காலி நகர்ந்துவிட்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா உச்சுக் கொட்டினாள். "பாவம், பையன். நேத்து வரைக்கும் பால் நல்லாத்தான் எறங்கிச்சாம். தாய்க்குத்தான் ஒரு சொட்டு ஊறல. எல்லாம் இங்க குடுக்கற பால்தான்."

தும்மல் பையை மார்போடு அணைத்துப் பிடித்தாள். உள்ளே கைக்குட்டை தேடிய விரலில் அது தட்டுப்பட்டது. காலையில் அவசரத்தில் பைக்குள் போட்டிருந்த மூக்கு ஸ்ப்ரே. பால் புட்டிகளோடு ஒட்டிக்கொண்டு, அதே குளிர்ச்சியில் இருந்தது.

அந்த நிமிஷத்தில்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்து அவளைத் தொட்டது. மருந்து ஏதாவது?

பாலைக் கொடுக்காமலே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்ப்ரே டப்பாவுக்குள் மடித்துக் கிடந்த தாளைப் பிரித்தாள். எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்து. ஸ்டீராய்டு என்ற வார்த்தை கண்ணில் குத்தியது. பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும் என்று கீழே இருந்தது. அவள் யாரைக் கேட்டாள்? சமையலறைத் தொட்டியில் புட்டிகளைக் கவிழ்த்தாள். வெள்ளையாகச் சுழன்று போய்க்கொண்டிருந்த பாலைப் பார்த்தபடி நின்றவளுக்கு, யாரோ தன் தோளுக்குப் பின்னால் நின்று அதையே பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினாள். ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பெண் வர ஆரம்பித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பக்கக் கூட்டத்தில் நிற்பாள். பஸ் குறுக்கே வந்து போனதும் இருக்க மாட்டாள். பட்டறையில் கழற்றிப் போட்ட பஸ் சீட்டுகள் வரிசையாகக் கிடக்கும். பட்டப்பகலில், வெயில் நேராக விழுகிற இடத்தில், கடைசி சீட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். கிட்டே போனால் கிழிந்த உறை. மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும்: ஒரு குழந்தை பால் உறிஞ்சுவது, நிறுத்துவது, உறிஞ்சுவது. மிதியிலிருந்து காலை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். வீட்டில் மகள் பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். குழந்தைகள் அப்படிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் இவளுக்கு மட்டும், 'இதுல என்ன கலந்திருக்கு?' என்று அது கேட்கிற மாதிரி இருந்தது.

ஸ்ப்ரேயைப் பழைய துணியில் சுற்றிக் குப்பையில் போட்டாள். மூக்கு அடைத்துக்கொண்டது. கண்ணுக்குக் கீழே வீக்கம், தலைக்குள் ஈரப் பஞ்சு திணித்த கனம். வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை வறண்டது. ஒருநாள் கார் சீட்டின் முதுகு உறையைத் தலைகீழாகத் தைத்து வைத்தாள். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்காரரு சிரசாசனம் பண்ணிக்கிட்டே ஓட்டுவாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கத்திரி மட்டும் கவனித்தான்.

"அக்கா, உன் மூஞ்சி பார்க்கச் சகிக்கல. இந்தா, சளி மாத்திரை. மெடிக்கல்ல சும்மா கேட்டாலே தருவாங்க. போட்டா மூக்கு பட்டுனு திறந்துக்கும்."

கடையில் சும்மா கேட்டாலே தருகிற மாத்திரை. ஊர் உலகமே போடுகிறது. அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று வாங்கிப் போட்டாள். மூக்கு திறந்தது. மறுநாளும் போட்டாள். தீர்ந்ததும் தானே போய் வாங்கினாள்.

சில நாளில் பால் குறைந்தது. வழிந்துகொண்டிருந்தது ஊறலாயிற்று, ஊறலும் வற்றியது. குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டது. தும்மலுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நடக்க வேண்டியது நடக்கிறது என்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஊறாத பால் தனக்கும் ஊறக்கூடாது, அதுதானே நியாயம்? யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கணவர் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். ஒரு மதியம் சாப்பிட வந்தவர் சாப்பிடாமல் அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்திட்ட. பேசுறதையும் நிறுத்திட்ட. என்கிட்ட சொல்ல முடியாத விஷயமா?"

"ஒண்ணுமில்லைங்க. சளி."

"சளி பிடிச்சா எதுக்கு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்க? யார் வரணும்?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் நாத்தனார்தான் இறங்கி வந்தாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். தொடையைப் பிடித்துப் பார்த்தாள். கேலி எல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"உனக்கு எந்தப் பேய் வேணா பிடிச்சிருக்கட்டும், அதை அப்புறம் பார்த்துக்கலாம். பிள்ளை மெலிஞ்சு போயிட்டா. செருப்பை மாட்டு, கிளம்பு."

"அந்த ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணி."

"அந்த ஆஸ்பத்திரிதான். நட."

குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மாள். எடை பார்த்தார், நாக்கைப் பார்த்தார், எப்போதிருந்து பால் குறைந்தது என்று கேட்டார். அந்தச் சாதாரணக் கேள்விக்கே தும்மல் உடைந்துவிட்டாள். துண்டுப் பொட்டலம், சக்கர நாற்காலி, ஸ்ப்ரே, சளி மாத்திரை, சீட்டில் உட்கார்ந்திருப்பவள் எல்லாவற்றையும் மூக்கடைத்த குரலில், முன்பின்னாகக் கொட்டினாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

டாக்டர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகு ஸ்ப்ரேயின் பெயரைக் கேட்டார். சொன்னாள்.

"இங்க பாருங்கம்மா. இது மூக்குக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கிற மருந்து. நீங்க அடிக்கிறதுல ரத்தத்துக்குப் போறதே ரொம்பக் கொஞ்சம். அதுலருந்து பாலுக்கு வர்றது அதைவிடக் கொஞ்சம். பால் குடுக்கிற அம்மாக்களுக்கு நாங்களே எழுதித் தர்ற மருந்து இது."

"ஸ்டீராய்டுன்னு போட்டிருக்கே டாக்டர்."

"போட்டிருக்கு. பேரைக் கேட்டே பாதி பேர் பயந்துடறாங்க. மாத்திரையா, அதிக அளவுல, ரொம்ப நாள் சாப்பிட்டா அது வேற பேச்சு. அப்பவும் நாங்க பார்த்துத்தான் குடுப்போம். உண்மையைச் சொல்லணும்னா, ஸ்ப்ரே போட்ட அம்மாவோட பால்ல எவ்வளவு வருதுன்னு அளந்து பார்த்தவங்க அதிகம் இல்ல. ஆனா வருஷக்கணக்கா எத்தனையோ அம்மாக்கள் போட்டிருக்காங்க. அதனால குழந்தைக்குக் கெடுதல் ஆச்சுன்னு நாங்க பார்த்ததில்ல."

"அது மாசம் நிறையாத குழந்தை..."

"குழந்தை சீக்கிரம் பிறந்துடும்னு தெரிஞ்சா, நுரையீரல் பலப்படணும்னு இதே இனத்து மருந்தை அம்மாவுக்கு நாங்களே ஊசியா போடறோம். தெரியுமா?"

தும்மலுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"உங்க பாலைக் குறைச்சது ஸ்ப்ரேயும் இல்ல, பாவமும் இல்ல. அந்தச் சளி மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்க அதுல போடற மருந்து சில பேருக்குப் பாலை வத்தப் பண்ணிடும். முதல்ல அதை நிறுத்துங்க. குழந்தையை அடிக்கடி மார்ல போடுங்க, திரும்ப ஊறும். ஸ்ப்ரேயை ஆரம்பிங்க. தலையை லேசாக் குனிஞ்சுக்கிட்டு, மூக்கு நடுச்சுவர்ல படாம வெளிப்பக்கமா அடிக்கணும். எவ்வளவு போட்டா மூக்கு சரியா இருக்கோ அவ்வளவு போதும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "அப்போ அந்தப் பையன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தக் குழந்தையைப் பத்தி நான் உங்ககிட்டப் பேசக்கூடாது. யார் பாலை எந்தக் குழந்தை குடிச்சதுன்னும் சொல்லக்கூடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க மூக்கு மருந்து ஒரு குழந்தையைக் கொல்லாது."

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் விடவில்லை. ஒரு கேலியும் பண்ணவில்லை.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. மாத்திரை போனது, ஸ்ப்ரே வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் பாலும் வந்தது. குழந்தையின் கன்னம் உப்பியது. பட்டறையில் தையல் நேரானது. கத்திரிக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாராவது தலைவலி என்றால்கூட, "போய் டாக்டரைப் பாரு, என்னைப் பார்க்காத" என்று ஓடுவான். கணவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் டாக்டர் சொன்னது அவளுக்குத் தலையில் ஏறியது, நெஞ்சில் இறங்கவில்லை. கடைசி சீட்டில் அந்தப் பெண் முன்பு போல அடிக்கடி வரவில்லை, வராமலும் இல்லை.

பால் மறுபடி மிஞ்ச ஆரம்பித்ததும் அவள் வங்கிக்குப் போனாள். கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். பால் அக்கா கேட்டுவிட்டு, "இதுக்கா இத்தனை நாள் வராம இருந்தீங்க? மூக்குல அடிக்கிறது, தோல்ல தடவறது, கண்ணுல விடறது எல்லாமே சொல்லணும்தான். குடுக்கலாமா கூடாதான்னு பார்க்கிறது எங்க வேலை. இதுக்குத் தடையில்ல. தாராளமா குடுங்க" என்று திரையை விலக்கி உள்ளே போகச் சொன்னாள்.

உள்ளே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தும்மல் அசையவில்லை. இந்தத் தடவை கிட்டே போனாலும் மறையாது என்று எப்படியோ தெரிந்தது. அதே முகம், கொஞ்சம் ரத்தம் ஏறிய முகம். மார்பில் பால் எடுக்கிற கருவி. புட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கருவி உறிஞ்சியது, நிறுத்தியது, உறிஞ்சியது.

"உட்காருங்க" என்றாள் அந்தப் பெண், ஏதோ தன் வீட்டுக்கு வந்தவளிடம் சொல்கிற மாதிரி. "உங்களைப் பார்த்திருக்கேன். பையோட நின்னீங்க."

"ஆமா" என்றாள் தும்மல்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"நல்லா குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

அந்தப் பெண் தலையாட்டினாள். அப்புறம் புட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அப்போ உடம்பு ரொம்ப முடியாம இருந்துச்சு. ஊறவே இல்ல. அவன் போனதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க, கட்டி கட்டியா. பிழிஞ்சு கீழ ஊத்த மனசு கேக்கல. இங்க கொண்டுவந்து குடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னையோட போதும்னு நினைக்கிறேன். வீட்டுக்காரர் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டார்."

தும்மலின் கைகள் மடியில் கோத்துக்கொண்டன.

"என் பையன் இருந்த வரைக்கும் யாரோ ஒருத்தி குடுத்த பாலைத்தான் குடிச்சான். ஒருநாள் வயிறு நிறைஞ்சு கொட்டாவி விட்டான்னு நர்ஸ் சொன்னாங்க. இத்தனூண்டு வாய்." அவள் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். "அந்த யாரோ ஒருத்தி யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கணும்."

'நான்தான்' என்று வாய்வரை வந்துவிட்டது. 'நானாக இருக்கலாம். நான் மூக்கில் மருந்து அடித்துக்கொள்கிறவள். அதை அன்றைக்குச் சொல்லவில்லை.' சொல்லிவிட்டால் தனக்குப் பாரம் இறங்கிவிடும். அந்தப் பெண் ஒருவேளை மன்னித்துக்கூட விடுவாள். ஆனால் அவள் வேறு ஊர் போய், புது வீட்டில் பெட்டியைப் பிரித்து வைக்கும்போது, வயிறு நிறைந்து கொட்டாவி விட்ட அந்த ஒரு நாளை நினைக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு ஸ்ப்ரே வந்து நிற்கும். எந்த டாக்டர் சொன்னாலும் போகாது. அது எப்படி வந்து நிற்கும், எங்கெல்லாம் வந்து உட்காரும் என்று தும்மலைவிட யாருக்குத் தெரியும்? தன்னைப் பிடித்ததை ஏவிவிட்டு அவள் வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

"நல்லா இருப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் கருவியை நிறுத்தினாள். புட்டியை மூடிப் பால் அக்காவிடம் கொடுத்தாள். முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு, "வரட்டுமா" என்று போனாள். திரை ஆடி நின்றது. தும்மல் அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை, வெயிலிலும் கூட்டத்திலும் சீட்டிலும் எங்கேயும்.

அந்த அறையில் நடந்ததை அவள் சொன்ன அன்று, வேனில் போகும்போது கணவர், "சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

"சொன்னா எனக்கு லேசாயிருக்கும். அவங்களுக்கு?"

அவர் கியரை மாற்றினார்.

மகளுக்கு ஒரு வயது நிறையும் வரைக்கும் தும்மல் வங்கிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகும் அந்தப் பட்டறையில்தான் வேலை. இப்போது மூக்கில் முகமூடி உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண்கள் யாராவது தெரிந்தவர்களாக இருந்தால், போடுகிற களிம்பு, சொட்டு, ஸ்ப்ரே எதையும் விடாமல் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளச் சொல்வாள். தானாகப் பயந்து எதையும் தூக்கி எறியவும் வேண்டாம், தானாக எதையும் வாங்கி விழுங்கவும் வேண்டாம் என்பாள். ஏன் என்று கதை சொல்ல மாட்டாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காலையில் வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உள்ளே விடுவார்கள். பெற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். தும்மல் மட்டும் மகளுக்குப் பின்னால் ஒட்டி நிற்க மாட்டாள். நடுவில் மகள் வயதில் ஒரு பையன் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்பாள். யாராவது அந்த இடத்தில் நுழைய வந்தால் மெல்லக் கையை நீட்டித் தடுப்பாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்குத் தும்மல் வரும், அதான் தள்ளி நிக்கிறேன்" என்பாள்.